வெட்டுப்பட்ட வலது கை

"என் புருஷனைக் கொன்னவனை அப்புறம் பிடிங்க. முதல்ல லாக்கப்ல இருக்கற அவரோட நண்பரை வெளியே எடுங்க" என்றாள் அவள். "நாளைக்கு அவருக்கு டயாலிசிஸ். தவறினா இன்னொரு பொணம் விழும்."

துப்பறிவாளர் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

அவள் கணவர் சிறுநீரக நோயாளிகளின் குரல். சோதனை மருந்து கொடுத்ததில் பலருக்கும், தனக்கும், டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கை ரத்தக்குழாய் அடைத்துப்போனதாகச் சொல்லிவந்தார். ஒருவருக்கும் அடைக்கவில்லை என்றார் ஆய்வு நடத்திய டாக்டர். மறுநாள் விசாரணைக் குழு கூடவிருந்தது. அதற்குள் மாடிப்படியில் இரும்புக் கம்பி அவர் மண்டையைப் பிளந்துவிட்டது. வலது சட்டைக்கையைக் கிழித்து, முழங்கைக்கு மேல் புடைத்திருந்த குழாயைக் கத்தி நீளமாக அறுத்திருந்தது. டயாலிசிஸ் அறையில் அடுத்த படுக்கை நண்பரைப் போலீஸ் பிடித்துப்போனது. போன வாரம் இருவருக்கும் வாய்ச்சண்டை.

"போலீஸ் சொல்றது சரி, மாமா" என்றான் துப்பறிவாளரின் மைத்துனன். "அந்தக் குழாயை அறுத்தா உயிர் போயிடும். அது கூட இருக்கற நோயாளிக்குத்தானே தெரியும்?"

"நீ போலீஸ்லயே சேர்ந்திருக்கலாம். யோசிக்கற வேலை மிச்சம்." அவர் அவளிடம் திரும்பினார். "கையில ரத்தம்?"

"கொஞ்சம்தான். படியெல்லாம் தலை ரத்தம். இடது கையை நெஞ்சோட இறுக்கிக்கிட்டுக் கவிழ்ந்து கிடந்தார்."

"வெட்டின கை ஏமாத்திடுச்சு, ரத்தம் பீச்சலை. அதான் கம்பியை எடுத்திருக்கான்."

காலையில் நண்பரைக் காவலோடு டயாலிசிஸ் அறைக்குக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் அவரை இயந்திரத்தில் இணைத்தாள். துப்பறிவாளர் அழைத்திருந்த ஆய்வு டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"டாக்டர், செத்தவருக்கு எந்தக் கையில ஊசி ஏத்துவாங்க?"

"வலது. என் ஆய்வுல இருந்தவர். எனக்குத் தெரியாதா?"

படுக்கைகளில் தலைகள் திரும்பின.

"இடது" என்றார் நண்பர். "வலது அடைச்சு, போன வருஷமே இடதுல புதுக் குழாய் வெச்சாங்க. இங்கே கூட்டறவங்களுக்குக்கூடத் தெரியும்."

"வெட்டினவனுக்குத் தெரியலை" என்றார் துப்பறிவாளர். "குழாய் எங்கே இருக்கும்னு தெரிஞ்சவன். அது செத்துப்போச்சுன்னு நம்பாதவன். அவர் ஊரறியச் சொன்னதைப் பொய்யின்னே நெனச்ச ஆள் ஒருத்தர்தான்."

டாக்டர் கதவுப் பக்கம் நகர்ந்தார். கதவை மறித்து நின்ற கான்ஸ்டபிள் நகரவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த செத்தவரின் மனைவி எழுந்து டாக்டரின் எதிரே வந்து நின்றாள்.

"அவர் சொன்னதை நம்பியிருந்தா" என்றாள், "சரியான கையை வெட்டியிருப்பீங்க."