காலியாகப் போன தட்டு

ஸஹ்ரான் குடும்பத்துக்கு அலெக்ஸாண்ட்ரியாவின் அந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. அக்கம்பக்கத்தார் ஒரு தட்டில் எதைக் கொடுத்தனுப்பினாலும், அந்தத் தட்டு நிறைந்துதான் திரும்பிப் போகும். காலியாகப் போனதே கிடையாது. ஷாஹினாஸின் தாத்தா காலத்திலும் கிடையாது, அவருடைய தாத்தா காலத்திலும் கிடையாது.

அன்று நோன்புப் பெருநாளுக்கு முந்தைய நாள். சமையலறை மேசையில் அக்கம்பக்கத்து வீடுகளின் தட்டுகள் அடுக்கிக் கிடந்தன. எல்லாம் கஹ்க் வந்த தட்டுகள். கஹ்க் என்றால் உள்ளே பேரீச்சம்பழமும் மேலே சர்க்கரைத்தூளும் உள்ள நெய் பிஸ்கெட். அது இல்லாமல் பெருநாள் இல்லை.

ஷாஹினாஸின் அம்மா இன்ஷிராஹ் காலையிலிருந்து மாவு பிசைந்துகொண்டிருந்தார். முந்தின நாள் திரைச்சீலைகளைத் துவைத்தார். அதற்கு முந்தின நாள் கம்பளங்களை அடித்துத் தூசி தட்டினார்.

"கொஞ்சம் உக்காரும்மா" என்றாள் ஷாஹினாஸ்.

"பெருநாள் முடியட்டும், உக்கார்றேன்" என்ற அம்மா, நெய்ப் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து, மெல்லச் சரிந்து, தரையில் விழுந்தார்.

ஷாஹினாஸுக்குக் கத்தக் குரல் வரவில்லை. அம்மா விழுந்து அவள் பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூட நின்றுகொண்டே சமைக்கிற அம்மா!

குரல் வந்தபோது கட்டடமே அதிர்ந்தது. "அப்பா!"

கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் வஹீத் மாமா ஓடி வந்தார். அதற்குள் அம்மா கண்ணைத் திறந்திருந்தார். மாமா அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"இவ்வளவு இறங்கிக் கிடக்கே! கடைசியா எப்ப நல்லாத் தூங்கினீங்க?"

"பெருநாள் வேலை..."

"நான் பெருநாளைக் கேக்கல, தூக்கத்தைக் கேக்கறேன்."

அம்மா மேசையிலிருந்த மாவைப் பார்த்தார்.

"முதல்ல தண்ணி குடிங்க. உடம்பு முடியாதவங்களுக்கு நோன்பு கட்டாயம் இல்ல. நாளைக்கு வரைக்கும் சமையலறைப் பக்கமே போகக் கூடாது. போனா, பெருநாளை ஆஸ்பத்திரியிலதான் கொண்டாடணும்."

மாமா போன சற்று நேரத்தில் அம்மா கட்டிலிலிருந்து எழப் பார்த்தார். "மாடிவீட்டு உம் ஷாகிரோட தட்டு இன்னிக்கே போகணும்."

ஷாஹினாஸ் அவரைப் பிடித்துப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தார். மேசையில் அந்தத் தட்டுகள் இருக்கும்வரை அம்மா படுக்கமாட்டார் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்பா, கடையில கஹ்க் வாங்கி வச்சு அனுப்பலாமா?"

அப்பா திடுக்கிட்டார். "கடைக் கஹ்க்கா? நம்ம வீட்டிலேருந்தா?"

"அப்ப நீங்க செய்ங்க."

அவர் இன்னும் திடுக்கிட்டார். பாத்திரம் கழுவும் குழாய் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. "என்ன வேணாலும் ஆகட்டும். தட்டு மட்டும் காலியாப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மாவின் அருகே போய் உட்கார்ந்தார்.

ஷாஹினாஸ் மேசையைப் பார்த்தாள். அறைக்குள் அம்மாவின் வெளிறிய முகத்தைப் பார்த்தாள். உம் ஷாகிரின் பூப்போட்ட தட்டை எடுத்தாள். மாடிப்படி ஏறினாள்.

ஷாகிரின் அம்மா என்பதால் அவரை எல்லாரும் உம் ஷாகிர் என்றுதான் அழைப்பார்கள், ஷாஹினாஸின் அப்பாவை அபு ஷாஹினாஸ் என்பதுபோல. கதவைத் திறந்தபோது அவருடைய புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. தட்டைப் பார்த்தார். ஷாஹினாஸின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தட்டைத் திருப்பி அடியிலும் பார்த்தார்.

"எங்கே?"

"ஒண்ணும் இல்ல அத்தை. காலித் தட்டுதான்."

"காலியா?" உம் ஷாகிர் நெஞ்சில் கை வைத்தார். "உங்கம்மாவுக்கு எம்மேல கோவமா? மொட்டைமாடியில துணிக்கொடிக்காக ஏதோ சொன்னேனே, அதுக்கா?"

"கோவம் இல்ல அத்தை. அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. தட்டைப் பாக்கறப்பல்லாம் எழுந்து வர்றாங்க. அதான் கொண்டாந்துட்டேன்." அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. "இது என் வேலை. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. எங்க வீட்டை எதுவும் சொல்லாதீங்க."

உம் ஷாகிர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ இன்ஷிராஹ்! உங்கம்மா ரெண்டு வகை அனுப்பினாளேன்னுதானே நான் கண்ணு முழிச்சு மூணு வகை பண்ணினேன்?"

"நீங்க மூணு அனுப்பினதாலதான் அம்மா இன்னிக்கு நாலு வகை பண்ணிட்டிருந்தாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யா அல்லாஹ்! அப்ப நான் அஞ்சு பண்ணியிருப்பேனே!"

உம் ஷாகிருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. பிறகு உள்ளே போய்ப் பச்சை விளிம்புத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். "இது மேல்வீட்டுக் கரீமாவோடது. நானும் காலியாத்தான் குடுக்கப் போறேன். துணைக்கு வா கண்ணு, தனியாப் போக பயமா இருக்கு."

மேல்வீட்டில் கரீமா தட்டைக் கண்டு கூச்சலிட்டார். கதை முழுவதையும் கேட்டதும், "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் முதுகு பொழச்சிருக்கும்!" என்று தாமும் வேறொரு வீட்டுத் தட்டைக் கழுவத் தொடங்கினார். மாடிப்படி முழுக்கக் கதவுகள் திறந்தன. "காலியா?" "காலியேதான்!" என்ற குரல்கள் மேலும் கீழும் போய்வந்தன. ஷாஹினாஸ் தன் வீட்டு மேசையிலிருந்த மற்றத் தட்டுகளையும் அந்தந்த வீட்டில் சேர்த்தாள்.

நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு அவள் வீட்டு மணி அடித்தது. அப்பா கதவைத் திறந்தார். வாசலில் பெண்கள் கூட்டம். ஒவ்வொருவர் கையிலும் ஸஹ்ரான் வீட்டுத் தட்டு. ஒன்றிலும் எதுவும் இல்லை.

"எங்க தட்டு... காலியா வருதா?" அப்பாவின் முகம் சிவந்தது.

"உங்க பொண்ணுதான் ஆரம்பிச்சு வச்சா, அபு ஷாஹினாஸ்" என்றார் உம் ஷாகிர்.

அப்பா மெதுவாக மகள் பக்கம் திரும்பினார். படிக்கட்டே அமைதியானது.

அந்த அமைதியில் உள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. மெல்லிய, சீரான குறட்டை.

அப்பா காலியான மேசையைப் பார்த்தார். அறைக் கதவைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதீங்க. அவ தூங்கறா."

எல்லா வீட்டிலும் மிச்சமிருந்த மாவை ஒன்றாகச் சேர்த்து, கஹ்க்காக உருட்டி, ஒரே பெரிய இரும்புத் தட்டத்தில் அடுக்கித் தெருமுனை ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்பினார்கள்.

பெருநாள் காலையில் அம்மா கன்னத்தில் தலையணைத் தடத்தோடு மொட்டைமாடிக்கு வந்தார். நடுவில் அந்தத் தட்டத்தைப் பார்த்து அதிர்ந்தார்.

"இது யார் வீட்டுது? நான் திரும்ப என்ன குடுக்கறது?"

"எல்லார் வீட்டுதும்தான்" என்றாள் ஷாஹினாஸ். "திரும்பக் குடுக்க ஆளே இல்ல. நீ உக்காரும்மா."

அம்மா உட்கார்ந்தார். ஒன்றைக் கடித்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

அன்று அந்தக் கட்டடத்தில் கழுவுவதற்கு இருந்தது அந்த ஒரே ஒரு தட்டம்தான். குழாய் எந்தப் பக்கம் திறக்கும் என்று ஷாஹினாஸிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டு, அப்பா அதைக் கழுவினார்.