ஒழிந்துபோன வட்டத்தின் முத்திரை

காலை 8.40. பெரெலோகி ஊர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இருந்த செம்பு முத்திரையைத்தான் காணோம்.

போலீஸ் கேப்டன் ரோதியோன் ஸீமின் மார்ச் மாதச் சேற்றை பூட்ஸில் அப்பிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அருங்காட்சியகப் பொறுப்பாளர் அக்லாயா பாவ்லவ்னா வாசலில் கிடந்த கம்பளிச் செருப்பைக் காட்டினார்.

"முதல்ல அதை மாட்டுங்க. திருடு போனா தரையும் நாசமாகணுமா?"

ஸீமின் மாட்டிக்கொண்டார். அந்த அம்மாளிடம் எதிர்வாதம் செய்து ஜெயித்தவர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை.

"முத்திரை எப்படி இருக்கும்?"

"வட்டமா, உள்ளங்கைக்குள்ள அடங்கும். 'பெரெலோகி வட்டத் தலைவர்'னு எழுத்து. விளிம்புல அரத்தால போட்ட வெட்டு ஒண்ணு."

"சாவி?"

"அதோ, ஆணியில. பூனைக்குக்கூடத் தெரியும்."

"நேத்து யார் வந்தாங்க?"

"குளிர்காயற அடுப்பைச் சரிபார்க்க அடுப்புக்கார ஃபோமா வந்தான். அப்புறம் ஸபோரியே ஊர்த் தலைவர் புரோகர் குதின், ஒரு ஜாடி தேனோட. பழைய சண்டையெல்லாம் மறந்துடலாம்னார். தேநீருக்குத் தண்ணி எடுக்க நான் கிணத்தடிக்குப் போனேன்."

சண்டை சின்னது அல்ல. ஜார் காலத்தில் பதினொரு ஊர்கள் சேர்ந்து ஒரு வட்டம், வோலஸ்து என்பார்கள். அதற்கொரு தலைவர், ஒரு எழுத்தர், ஒரு முத்திரை. 1924-இல் வட்டத்தைக் கலைத்தார்கள். இப்போது அரசு, அந்த வட்டத்தின் அலுவலகம் கடைசியாக எந்த ஊரில் இருந்ததோ அங்குள்ள பழைய கட்டடத்தைச் செப்பனிட்டு, பெரெலோகி, ஸபோரியே இரண்டுக்கும் பொதுவான ஒரே மருத்துவ நிலையத்தை அதில் வைக்கப்போகிறது. அது ஸபோரியேவுக்குப் போனால் பெரெலோகிக்காரர்களுக்குப் பதினாலு கிலோமீட்டர். பனி உருகும் மாதத்தில் அந்தப் பாதையில் டிராக்டரே முங்கிவிடும். அக்லாயாவின் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் ஊசி போட வேண்டும்.

காலை 11.00. எந்த ஊர் என்று முடிவு செய்ய மாவட்டக் குழு அருங்காட்சியகத்திலேயே கூடியது. புரோகர் குதின் எழுந்து மேசைமேல் ஒரு பழுப்புத் தாளை வைத்தார். 1911-ஆம் வருட ஆணை. வட்ட அலுவலகம் ஸபோரியேவுக்கு மாற்றப்படுகிறது என்று அழகான பழங்காலக் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே தலைவரின் ஒப்பம். ஒப்பத்திலிருந்து நாலு விரல் தள்ளி, வெற்றிடத்தில், வட்டமாகக் கரி முத்திரை. அந்தக் காலத்தில் செம்பை மெழுகுவர்த்தி மேல் காட்டிக் கரி பிடிக்கவைத்து, ஈரத்தாளில் அழுத்துவார்கள்.

"அசல் முத்திரை இருந்தா ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்," என்றார் புரோகர். "பார்த்தா எங்க பக்கம் தீர்ப்பாயிடும்னு அம்மா ஒளிச்சு வெச்சுட்டாங்க."

கூட்டம் முணுமுணுத்தது. அக்லாயாவின் முகம் வெளுத்துப்போனது. முப்பது வருடத்தில் அவரை யாரும் திருடி என்று சொன்னதில்லை.

ஸீமின் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எங்க கிடைச்சது?"

"எங்க தாத்தா வீட்டுப் பரண்ல."

"எப்ப?"

"போன வருஷம்."

"அதுக்கப்புறம் யார் கைக்காவது போச்சா?"

"என் பீரோவை விட்டு நகரல."

ஸீமின் அக்லாயாவின் பக்கம் திரும்பினார். "1911-ல முத்திரை வெச்ச உண்மையான தாள் ஒண்ணு வேணும். வட்டத்தைக் கலைச்ச அன்னிக்கு எழுதின தாளும் வேணும்."

அக்லாயா பட்டியல் எதையும் புரட்டவில்லை. நேரே போய் இரண்டையும் எடுத்துவர அவருக்கு மூன்று நிமிடம்தான் ஆனது. ஸீமின் மனதுக்குள் சபாஷ் போட்டார்.

"எல்லாரும் பாருங்க. அசல் தாள்ல முத்திரையோட விளிம்பு முழுசா இருக்கு. குதின் கொண்டுவந்ததுல விளிம்புல மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. இப்போ இதைக் கேளுங்க." அவர் 1924-ஆம் வருடத் தாளை வாசித்தார்: "'வட்டம் இன்றோடு இல்லை. இனி எவரும் அதன் பெயரால் ஆணையிடாதிருக்க, மூவர் முன்னிலையில் முத்திரையின் விளிம்பை அரத்தால் வெட்டினேன்.' கடைசி எழுத்தரோட கையெழுத்து. வெட்டு விழுந்தது 1924-ல. அப்போ 1911-ஆம் வருஷத் தாள்ல அது எப்படி வந்துச்சு?"

"அச்சு சரியா விழாம இருந்திருக்கும்!"

ஸீமின் முத்திரையைத் தடவிய கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கறுப்பாக இருந்தது. "நூறு வருஷக் கரி கையில ஒட்டாது. இது நேத்து வெச்சது. பீரோவை விட்டு நகராத தாள்ல நேத்து முத்திரை வெச்சது யாரு? ஃபோமாவா? முத்திரை எங்க, குதின்?"

புரோகர் ரொம்ப நேரம் தொப்பியைக் கசக்கினார். "தேனீப் பெட்டிக்கு அடியில," என்றார் கடைசியில்.

எழுதியது யார் என்பதையும் ஸீமின் கண்டுகொண்டிருந்தார். அந்த எழுத்து அந்தப் பக்கத்தில் ஒருவருக்குத்தான் வரும்: புரோகரின் மாமனார், வட்டத்தின் வரலாற்றை நாற்பது வருடமாக எழுதிவரும் வெனியமின் லுகீச். கால் முறிந்து மருமகன் வீட்டில் படுத்திருக்கிறார். கலைப்புத் தாளைத் தேடிப் பிடித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவரே அவர்தான்.

பகல் 1.30. ஸீமின் அவர் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"அந்தக் கால எழுத்தருங்க ஒப்பத்து மேலயேதான் முத்திரை வைப்பாங்க. நீங்க தனியா, வெற்றிடத்துல வெச்சிருக்கீங்க. வெட்டு பளிச்சுனு தெரியணும்னுதானே?"

கிழவர் கூரையைப் பார்த்தார். "அவன் வீட்டுச் சோறு. மகள் வேற அழுதா. மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல கேப்டன். கைதான் சொல்லுச்சு."

ஸீமினுக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை எழுந்தது. "அறிக்கையில உங்க பேரை விட்டுடறேன்," என்றார்.

"விடாதீங்க! யார் எழுதினதுன்னே தெரியாத தாளுங்களோட நான் நாப்பது வருஷம் மாரடிச்சது போதும். எழுதினவன் வெனியமின்னு போடுங்க."

ஸீமின் மனமில்லாமல் எழுதி நீட்டினார். கிழவர் கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து படித்தார். மூன்றாவது வரியில் முகம் சுளித்தார். பேனாவை வாங்கி ஒரு சொல்லை அடித்து, மேலே வேறொன்று எழுதினார்.

"1911-ல நம்ம வட்டம் பக்கத்து மாவட்டத்துல இருந்துச்சு. 1918-லதான் இந்த மாவட்டத்துல சேர்த்தாங்க. குத்தத்தை என்மேல எழுதுங்க, பரவால்ல. மாவட்டத்தை மாத்தி எழுதாதீங்க."

திருத்தத்துக்குப் பக்கத்தில் தேதி போட்டு, அதற்குக் கீழே கையெழுத்திட்டார்.