நைனாவுக்கு விட்ட இடம்

செஞ்சிக் கோட்டை வாசலில், டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு எதிரே, நானும் என் வீட்டுக்காரர் பார்த்திபனும் காத்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜகிரி மேல் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. யார் பையைப் பிடுங்கலாம் என்று குரங்குகள் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தன. அவலூர்பேட்டையிலிருந்து என் தங்கச்சி ஷோபனாவும் அவள் புருஷன் எழிலனும் பைக்கில் வந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களுக்கு அவுட்டோர் படம் பாக்கி இருந்தது.

புதுசாகக் கல்யாணமானவர்கள் பைக்கில் எப்படி வருவார்கள் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர்கள் அப்படி வரவில்லை. எழிலன் பெட்ரோல் டேங்க் மேல் ஏறாத குறையாக முன்னால் உட்கார்ந்திருந்தான். ஷோபனா சீட்டின் கடைசியில், பாதி உடம்பு வெளியே இருக்க, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "நடுவுல யாருக்கு எடம் புடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒட்டித்தானே உட்கார்ந்து வந்தோம் என்றான் எழிலன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஆனாலும் ஏதோ சண்டை, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டூடியோ. என் வீட்டுக்காரர் படம் எடுப்பார், நான் கம்ப்யூட்டரில் ஆல்பம் போடுவேன். பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ அப்பாவோ அம்மாவோ உயிரோடு இல்லையென்றால், குடும்பப் படத்தில் அவர்களையும் சேர்த்துத் தரச்சொல்லிக் கேட்பார்கள். அதற்காக மேடையில் நிற்கும்போதே ஓர் ஆள் இடத்தைக் காலியாக விட்டு நிற்க வைப்போம். பழைய படத்திலிருந்து ஆளை எடுத்து அந்த இடத்தில் நிறுத்துவது என் வேலை. காலடியில் நிழல்கூடப் போட்டுவிடுவேன். அதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு.

நாங்கள் நைனா என்று கூப்பிடும் எங்கள் அப்பா ராஜாங்கம் போன கார்த்திகையில் நெஞ்சு வலியில் போய்விட்டார். ஷோபனா அவருக்குச் செல்லம். அவள் கல்யாண மேடையில் எங்கள் அம்மா செல்லம்மாள்தான் முதலில் சொன்னாள், "நைனாவுக்கு எடம் வுடுங்கடி." ஷோபனாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் விட்டோம். ஷோபனா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, "வா நைனா, வந்து நில்லு" என்றாள். சொந்தக்காரர்கள் அட்சதை போட்டுக்கொண்டே இருந்தார்கள், என் வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆல்பம் போடும் சமயத்தில் எழிலனின் அம்மா விருத்தாம்பாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். நல்ல மனுஷி, என் மகளுக்கு பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். கல்யாண ஆல்பத்தில் இறந்தவர் வேண்டாம், வருஷம் திரும்பட்டும், அப்புறம் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தன்மையாகவே சொன்னார். கூட இருந்த எங்கள் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போனது. சம்பந்தி வீட்டுப் பேச்சு, என்ன செய்வது? சரி என்றுவிட்டாள்.

அந்த இடம் அப்படியே காலியாக நின்றது. ஆட்களை நெருக்கி மூடிவிடட்டுமா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். படத்தில் காலி இடம் என்றால் அவருக்கு உயிர். அது இருந்தால்தான் ஆளுக்கு மூச்சு முட்டாது என்பார். முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் விடவேண்டும், பார்க்கிறவர் கண் முதலில் அங்கே போய், யாரும் இல்லையென்று தெரிந்து, அப்புறம் முகத்துக்குத் திரும்பும், அப்போதுதான் அந்த முகம் மனதில் நிற்கும் என்பார். வீட்டில் ஒரு மூலை பாக்கியில்லாமல் லைட் ஸ்டாண்டை அடைத்து வைத்திருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சு இது. ஆனால் படத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதையே முதல் பக்கத்தில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் நெல் களஞ்சியத்தின் பெரிய சுவர் முன்னால் ஷோபனாவையும் எழிலனையும் அவர் நிறுத்தினார். ஓர் ஓரத்தில் இவர்கள், மிச்சமெல்லாம் வெறும் சுவர். பக்கத்தில் களஞ்சியத்தின் வாசல் இருட்டாகத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து வௌவால் நெடி வந்தது. நான் வெளிச்சம் திருப்புகிற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சகல, ஒட்டி நில்லு" என்றார் அவர்.

ஒட்டித்தான் நிற்கிறேன் என்றான் எழிலன். நானே போய் இரண்டு பேர் தோளையும் பிடித்து ஒன்றாகச் சேர்த்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் நடுவில் மறுபடியும் ஓர் ஆள் இடம். அவர்கள் காலை எடுத்து வைத்ததை நான் பார்க்கவில்லை.

விளையாடுகிறார்கள் என்று கோபம் வந்தது. அவள் தோள் மேல் கையைப் போடச் சொன்னேன்.

எழிலன் கையைத் தூக்கினான்.

ஷோபனாவின் தலைக்கும் மேலே, வெறும் காற்றில், அந்தக் கை நின்றது. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன.

"போட்டுட்டேன் அண்ணி" என்றான் சிரித்துக்கொண்டே.

ஷோபனா சிரிக்கவில்லை. நான் அவள் மறுபக்கம் போய் நின்றேன். காலி இடத்துப் பக்கம் இருந்த அவள் கையை எட்டித் தொட்டேன், நல்ல வெயிலில் அது ஜில்லென்று இருந்தது. கல்யாணத்திலிருந்து அந்தப் பக்கம் மட்டும் இப்படித்தான், வெயிலே படுவதில்லை என்றாள். ராத்திரி படுத்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறாளாம், அதற்குமேல் நகர இடம் இல்லையாம்.

நான் அவள் காதில் மெல்லக் கேட்டேன், "நைனாவா?"

அவள் நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தாள். தலையை நன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

"நைனா என்ன வுட குள்ளம்க்கா."

படம் எடுக்காமல் அவர்களை அனுப்பிவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தோம். கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். தேடியது அட்சதையை இல்லை. எதைத் தேடுவதென்றே தெரியவில்லை. அட்சதைதான் கண்ணில் பட்டது. மற்றவர்கள் மேல் விழுந்த அரிசி ஒவ்வொரு படத்திலும் இடம் மாறியது, உருண்டது, கீழே கொட்டியது. காலி இடத்தில் மட்டும் சில மஞ்சள் அரிசிகள் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் நின்றன. ஷோபனாவின் தலைக்குக் கொஞ்சம் மேலே, வலமும் இடமும். அதற்கும் மேலே, நடுவில்.

தோளும் தலையும்.

கூப்பிட்டு இடம் விட்டோம். நைனாவை அங்கே நிறுத்தவில்லை. காலியாகக் கிடந்த இடத்துக்கு வேறு யாரோ வந்து நின்றுவிட்டார்கள். இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இப்போதாவது நைனாவை அங்கே வை என்றார். வைத்தேன். திரையில் நன்றாகத்தான் இருந்தது. பிரிண்டரிலிருந்து வந்த தாளில் நைனா அம்மாவுக்குப் பின்னால் தள்ளப்பட்டுப் பாதி மறைந்து நின்றார். ஷோபனாவின் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது.

கடைசியில் அவர், இடமே இல்லாமல் அவள் முகத்தை மட்டும் வெட்டி எடு என்றார். காலி இடம் வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நாலு பக்கமும் ஒட்ட வெட்டினேன். பிரிண்ட் வந்தது. தாளில் முக்கால்வாசி வெறுமையாக இருந்தது. ஓரத்தில் என் தங்கச்சியின் ஒற்றைக் கண்ணும் கன்னமும் மட்டும் இருந்தன. மிச்ச முகம் தாளுக்கு வெளியே போய்விட்டது.

அது பக்கத்தில் நிற்கவில்லை. அவளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

உடனே எழிலனுக்குப் போன் போட்டேன். ஷோபனாவை நம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, கொஞ்ச நாள் இருக்கட்டும், ஆனால் பைக்கில் மட்டும் வராதே, பஸ்ஸில் வா என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? சரி அண்ணி என்றான். பிறகு ஷோபனா போனை வாங்கிப் பேசினாள். "சீக்கிரம் வந்துடறேன்க்கா. இங்க எனக்கு எடம் இல்ல."

அவள் குரல் நான் கேட்டது அதோடு சரி.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற கூட்டமாம். ஏற முடியவில்லையாம். அடுத்த பஸ் எப்போது வருமோ என்று பைக்கை எடுத்துவிட்டான். மத்தியானம் ஸ்டூடியோ வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். எழிலன் காலை ஊன்றி வண்டியை நிறுத்தி, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக, "எறங்கு" என்றான்.

பின்னால் யாரும் இல்லை.

"ஷோபனா எங்க எழிலா?"

"இன்னா அண்ணி, பின்னாடிதான் இருக்குது. கனம் தெரியுதே."

அவன் சொல்லி முடிக்கும்முன் பைக்கின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி.

என் முகத்துக்கு நேராக வௌவால் நெடி அடித்தது. பிறகு அது என்னைத் தாண்டி ஸ்டூடியோவுக்குள் போனது.

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு வேகத்தடையில் அவள் பின்பக்கமாக விழுந்திருக்கிறாள். வயலில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் கத்திக் கூப்பிட்டும் எழிலனுக்குக் கேட்கவில்லை. முதுகில் ஆள் சாய்ந்திருப்பது தெரிந்ததால் அவன் திரும்பவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ஷோபனா போய்விட்டாள். எழிலன் இன்றைக்கும் தன் முதுகைத் துடைத்துக்கொண்டே இருக்கிறானாம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆல்பத்தையும் படங்களையும் எரித்தோம், கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தோம். அவர் கல்யாணத்துக்குப் போவதை விட்டுவிட்டார். பாஸ்போர்ட் சைஸ் மட்டும்தான் இப்போது, அதுவும் முகம் தாள் முழுக்க அடைத்துக்கொண்டு இருக்கும்படி. வீட்டில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டிருக்கிறோம். கட்டிலில் நானும் அவரும் எங்கள் மகள் அறிவுமதியும் ஒருவரை ஒருவர் ஒட்டித்தான் படுக்கிறோம். அம்மாதான் அழுவாள். ஒரு குடும்பப் படம் எடுப்போம், ஷோபனாவுக்கு இடம் விடு என்பாள். அவள் வாயைப் பொத்தாத குறையாக அதட்டிவிட்டு, அப்புறம் நானும் உட்கார்ந்து அழுவேன்.

நேற்று மத்தியானம் அறிவுமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கட்டிலில் சுவரோரம் படுத்துக்கொண்டாள். முகத்தைத் தூக்கி மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் படுத்து, அவளை இழுத்து என்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். ஏன் அங்கே போய்ப் படுத்தாய், அம்மாவை ஒட்டிப் படு என்றேன்.

"ஒட்டித்தானம்மா படுத்துருக்கேன்" என்றாள்.

ஆமாம், ஒட்டித்தான் படுத்திருந்தாள். அவள் தோள் என் கைக்குள் இருந்தது. கொஞ்சம் ஜில்லென்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கைகால் கழுவியிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அப்படியொரு நிம்மதி.

அவர் சோற்றுக்கு வந்தவர், அறை வாசலிலேயே நின்றுவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நடுவில் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"பூங்குழலி," என்றார், குரல் எழும்பாமல். "கைய எடு."