கேட் போனில் ஒரு முகம்

யாரும் தொடாத போன் சூடாக இருந்தது.

தெம்பனிஸ் பகுதியில் ஒரு கட்டுமானத் தளத்தின் கேட்டில் மாட்டியிருந்த போன் அது. வேலையாட்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதில் முகம் காட்ட வேண்டும். அடிக்கடி நின்றுபோகிறது என்று சூப்பர்வைசர் காதர் மைதீன் மதியம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த முகப்பதிவுச் செயலியை எழுதிய இல்ஹாம், டன்லப் ஸ்திரீட் மாடி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் செருகினான். ஞாயிறு சாயங்காலம். கீழே ஆட்களின் பேச்சு ஒரே இரைச்சலாகி, மல்லிகையும் ஆட்டுக்கால் சூப்பும் சாக்கடையும் கலந்த வாடையோடு சன்னல் இடுக்கில் ஏறி வந்து, ஏர்கானின் முனகலில் அமுங்கி, மறுபடி எழுந்தது.

மெமரி லீக். ஓர் ஆளுக்காகத் திறந்த திரையை, அவன் வேலை முடிந்ததும் போன் விட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்துக்கொண்டால் சேர்ந்து சேர்ந்து திணறும். இல்ஹாம் நினைவகத்தைப் படியெடுத்துத் துழாவினான். எல்லாருடைய திரையும் போயிருந்தது. ஒன்று மட்டும் நின்றது. காமிராவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவன் வெளியே வரும்போது காட்ட வேண்டிய முகத்துக்காகக் காத்திருந்தது.

பரமசிவம்.

பெயர் தெரியும். வெள்ளிக்கிழமை ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. அவன் வெளியேறியதாகச் செயலியிலும் பதிவு இருந்தது.

காதர் மைதீனை அழைத்தான்.

"அண்ணே, பரமசிவம் வெள்ளிக்கிழமை வெளிய போறப்ப முகம் காட்டினாரா?"

"யாருமே காட்டல லா. மழை. ஆளுங்கள ஏத்திப்போக வந்த லாரிக்காரன் ஹார்ன் அடிச்சே கொல்றான். நீ வச்சுக் கொடுத்தியே பட்டன், அதுல எல்லாரும் வெளிய போயாச்சுன்னு சேத்து ஒரே அமுக்கு."

"லாரியில ஏறினாரா?"

"தலை எண்ணல." மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "ஏன் தம்பி?"

"அன்னைக்குக் கடைசியா என்ன வேலை?"

"பில்லர் குழிக்கு கான்கிரீட் ஊத்தினோம்."

இல்ஹாம் கம்ப்யூட்டரில் நின்ற அந்தப் பெயரை மறுபடி பார்த்தான்.

"ஓடிட்டான்னு சொல்லியாச்சு தம்பி. போலீஸ் பேப்பர்லயும் அப்படித்தான். நீ போனை மட்டும் சரி பண்ணு."

இல்ஹாமுக்குப் பயம் வரவில்லை. போலீசுக்குப் போன் அடிக்க வேண்டும் என்று தெரிந்தது. அடிக்கவில்லை. அந்தத் திரை எடுத்து வைத்திருந்த படங்களைத் திறந்தான். போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. காமிராவுக்கு எதிரே அலுவலகத்தின் மேற்கூரைதான் இருந்தது.

படத்தில் மேற்கூரை இல்லை.

சாம்பல் நிறத்தில் ஈரக் கான்கிரீட். மஞ்சள் ஹெல்மெட். அதன் கீழே பரமசிவம், தாடைவரை மூழ்கி.

அடுத்தது. உதடுவரை.

அடுத்தது. கண்கள் மட்டும். திறந்திருந்தன.

தெரு இரைச்சல் எப்போதோ நின்றிருந்தது. அறையில் சிமெண்டு வாடை.

இன்னொரு படம். இப்போது எடுத்தது. சமமான கான்கிரீட், இரண்டு நாளாகியும் காயாதது. நடுவில் ஒரு குமிழி.

புதுப் படம் வந்தது.

குமிழி உடைந்திருந்தது. அந்த இடத்தில் வாய். முழுதாகத் திறந்த வாய்.

உள்ளேயும் கான்கிரீட்.