தோல் கோட்டில் விழுந்த கீற்று

வெளியே பதினொரு மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தாலும் வகுப்பறைக்குள் இருட்டுதான். வீடியோவுக்கு நிறம் திருத்தும் வேலைக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை, சுவர்களுக்குச் சாம்பல் பூச்சு. எட்டுக் கணினிகள், எட்டுப் பேர். ஏசியின் முனகலுக்கும் மவுஸ்களின் டிக் டிக்குக்கும் நடுவே, சூடேறிய பிளாஸ்டிக் வாசனையில், டீச்சர் ஒவ்வொரு நாற்காலியாக நின்று பார்த்தபடி நடந்துகொண்டிருந்தாள்.

"மேடம், இந்த ஷாட்ல யாரும் இல்லன்னுதானே சொன்னீங்க?"

கேட்டவர் மூன்றாவது நாற்காலிக்காரர். இருபது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். ஊரில் உள்ள மாப்பிள்ளைகளையெல்லாம் படம் பிடித்தவர் என்பதால் வகுப்பில் அவருக்கே 'மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர்.

"ஆமா, காலி ரூம். ஏன்?"

"அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் காட்டியது படத்தை அல்ல, அதற்குக் கீழே இருந்த வட்டத்தை. படத்தில் உள்ள நிறங்களெல்லாம் அந்த வட்டத்துக்குள் புகை மாதிரி விழும். நடுவிலிருந்து சாய்வாக மேலேறும் கோடு ஒன்று உண்டு. கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். தோல் கோடு என்று முதல் நாளே அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். இப்போது அதன் மேல் மெல்லிய கீற்று ஒன்று படுத்திருந்தது.

காலையில் அவளே எடுத்து எட்டுப் பேருக்கும் கொடுத்த ஷாட். போன மாதம் குடிவந்த வாடகை வீட்டில் மகளின் படுக்கையறை. நீலச் சுவர், நீலப் போர்வை, மூலையில் அலமாரி. இருட்டான இடங்களை வெளிச்சமாக்கிப் பழக ஏற்ற அறை. மகள் அந்நேரம் குளியலறையில், பல் தேய்க்க மாட்டேன் என்று அப்பாவிடம் அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரியா இருக்கும். மரமும் சில சமயம் தோல் கோட்டுல விழும். அந்த நிறத்தை மட்டும் செலக்ட் பண்ணுங்க, அது வெள்ளையாத் தெரியும், மத்ததெல்லாம் கறுப்பாயிடும்."

மாப்பிள்ளை செய்தார். திரை கறுத்தது. அலமாரியும் கறுத்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், மெத்தையின் விளிம்பைப் பற்றியபடி, நான்கு வெள்ளைக் கோடுகள் மட்டும் மிஞ்சின.

விரல்கள்.

டீச்சர் மவுஸை வாங்கி அந்த செலக்‌ஷனை நீக்கினாள். நீலப் போர்வை. வேறொன்றும் இல்லை. மறுபடி போட்டாள். விரல்கள்.

"எனக்கு மணிக்கட்டு வரைக்கும் தெரியுது மேடம்." பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். அந்தப் பெண் ஷாட்டை ஓரிரு நொடி தள்ளி நிறுத்தியிருந்தாள். கடைசி நொடியில் நிறுத்தியிருந்தவரின் திரையில் முழங்கை வரைக்கும் வந்திருந்தது.

 

மகளுக்குக் காய்ச்சல். இன்று பள்ளிக்கூடம் அனுப்பவில்லை.

அவள் வீடியோ காலில் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்ன, கிளாஸ் நடுவுல?"

"பாப்பா எங்க?"

"மாத்திரை போட்டுட்டு இப்பதான் கண்ணசந்தா. அவ ரூம்ல."

"தூக்கிட்டு ஹாலுக்கு வாங்க."

"எழுப்பினா வீட்டை ரெண்டாக்கிடுவாளே..."

"இப்பவே தூக்கிட்டு வாங்கன்னு சொல்றேன்!"

அவன் ஏதோ முணுமுணுத்தபடி போனை ஹால் மேசையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். காலி ஹால். வெயில் விழுந்த தரை. திறந்திருந்த படுக்கையறைக் கதவு. செருப்புச் சத்தம் தேய்ந்தது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வந்துவிட்டான். தோளில் மகள், வாயைத் திறந்தபடி தூக்கம். கால்கள் இரண்டும் தொங்கின.

"பாத்துக்கோ, உன் மகளை. போதுமா?"

அவளுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"ஆனா ஒண்ணு," என்றான் அவன், தோளைச் சரிசெய்தபடி. "இவ ஏன் இன்னைக்கு இந்தக் கனம் கனக்குறா?"

மாப்பிள்ளை அவள் போனில் கேபிளைச் செருகி, அந்தப் படத்தைத் தன் திரைக்குக் கொண்டுவந்தார். அதே நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்.

திரை கறுத்தது.

கணவனின் முகம் வெள்ளையாக. அவன் கைகள். மகளின் கன்னம். தொங்கும் இரண்டு சின்னக் கால்கள்.

இடது கணுக்காலைச் சுற்றி விரல்கள்.

விரல்களுக்குப் பின்னால் கை. முழங்கை. அதற்குப் பின்னாலும் கை. மெலிந்து, வளையாமல், தரைக்குச் சற்று மேலாக, படுக்கையறைக் கதவுக்குள் போய் மறைந்தது.

"வெளியே ஓடுங்க," என்றாள். "தெருவுக்கு. ஓடுங்க!"

"சரி சரி, போறேன். ஏன் இப்படிப் பயப்படுற?"

அவன் வாசலைப் பார்த்து ஓரடி வைத்தான்.

கை ஓரடி நீண்டது.