கரகரத்த சைக்கிள்

சுண்டெலிக்கு அப்பாவின் கியர் சைக்கிள் என்றால் உயிர். சிறுவயதில் ஞாயிறுதோறும் அதன் முன்பக்கச் சின்ன இருக்கையில் அவளை உட்கார வைத்து, மேட்டுத்தெரு வழியாக ஏரிக்கரைக்குப் போவார் அப்பா. மிதித்துக்கொண்டே கதையும் சொல்வார். பாதிக் கதையை மேடு விழுங்கிவிடும். அந்த நாட்களை நினைத்தாலே அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெயர்தான் சுண்டெலி, உயரத்தில் அம்மாவின் தோளைத் தொட்டுவிட்டாள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கியர் மாற்றி உடைந்ததிலிருந்து சைக்கிள் மூலையில் கிடந்தது.

"சாயங்காலம் பழைய சாமான்காரர் வர்றார். கொடுத்துடலாம்" என்றார் அம்மா.

"புது கியர் மாற்றி வாங்கியாச்சேம்மா! இன்னிக்கு மாட்டிடுவோம்" என்றாள் சுண்டெலி.

"சரி. அவர் வர்றதுக்குள்ள ஓடலைன்னா கொடுத்துடணும்."

அப்பா கூரைக் கொக்கியில் கயிறு கட்டி, சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பும்படி சைக்கிளைத் தொங்கவிட்டார். பழையதைக் கழற்றினார். புதியதைத் திருகி, செயினைக் கோத்து, கம்பியை இழுத்துக் கட்டினார். பெடலைச் சுற்றியதும் கியர் மாறியது. கூடவே கரகரவென்று ஒரு சத்தம். கியர் மாற்றியின் திருகாணியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சத்தம் நின்றபாடில்லை.

"அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுறவரு, ஒரு சைக்கிளோட மல்லுக்கட்டுறாரே!" என்று சிரித்தார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. "விடும்மா சுண்டு. இதோட காலம் முடிஞ்சுபோச்சு" என்று கையைத் துடைத்தார்.

சுண்டெலிக்கு அழுகை முட்டியது. தரையில் மல்லாந்து படுத்துப் பெடலை மெதுவாகச் சுற்றினாள். கியர் மாற்றியில் இரண்டு குட்டிச் சக்கரங்கள். நடுவே நாக்கு மாதிரி ஒரு சிறு தகடு. செயின் அதன் வெளிப்பக்கத்தை உரசிக்கொண்டு போனது. உள்பக்கத்தில் செயின் போகத் தோதான இடைவெளி காலியாக இருந்தது!

கத்தத்தான் தோன்றியது. ஆனால் அம்மா பக்கத்திலேயே நின்றார்; கேட்டால் அப்பாவை இன்னும் கிண்டல் செய்வார். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, செயின் வழி தப்பிப் போகுது. குனிஞ்சு பாருங்க" என்று கிசுகிசுத்தாள்.

அப்பா குனிந்தார். மேலிருந்து கோத்தவருக்கு அந்த நாக்கு கண்ணில் பட்டிருக்கவே இல்லை.

"அட! பஸ்ல இப்படியொரு நாக்கு கிடையாதே!"

"என்ன அங்க ரகசியம்?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லையே!" என்றார்கள் இருவரும்.

செயினைப் பிரித்து, நாக்குக்கு உள்பக்கமாகக் கோத்து மாட்டினாள் சுண்டெலி. பெடலைச் சுற்றினாள். சத்தம் போன இடம் தெரியவில்லை. அப்பா சைக்கிளை இறக்கி, இருக்கையைத் தாழ்த்தினார்.

"நீயே ஓட்டு."

சுண்டெலி மேட்டில் ஏறினாள். பின்னாலேயே ஓடினார் அப்பா. எதிரே சாமான்காரர் தள்ளுவண்டியோடு வந்தார்.

"ஓடாத சைக்கிள் ஒண்ணு இருக்குன்னாங்களே, எங்க சார்?"

அப்பா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்.

"இப்பதாங்க உங்களைத் தாண்டிப் போச்சு! என்னாலயே பிடிக்க முடியல!"