சுவரில் விழுந்த சிவப்புத் துளி

"ஏணியைத் தூக்கிட்டு வர்றவருக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?"

ஏணி இடித்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டு அவள் முறைத்தாள். கையிலிருந்த தூரிகை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தன் படத்தில் சாயம் தெறிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் உயிர் வந்தது.

"கண்காட்சி திறக்கப்போற நேரத்துல யாராவது படத்துக்குச் சிவப்பு தொடுவாங்களா மேடம்?"

பக்கத்து ஸ்டால்காரன். காலரில் காய்ந்த சுண்ணாம்பு... கண்ணில் சிரிப்பு.

"என் படம், என் இஷ்டம்."

வாய்தான் பேசியது. உள்ளே மிரட்சி. மிரளாதா? விமானத்தையே நிறுத்தலாம், அப்பேர்ப்பட்ட கூடம். எத்தனை நாட்டு ஓவியர்கள்... கூரையிலிருந்து நூலில் நீந்தும் கண்ணாடி மீன்கள்... காலையில் பிளந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை.

அப்போதுதான் அவன் ஏணியேறி மாட்டிய படத்தைப் பார்த்தாள்.

வெள்ளையடிக்கக் காலிசெய்த ஓர் அறை. பீரோவை நகர்த்திய இடத்தில் மட்டும் பழைய நீலம், கதவு மாதிரி. அவ்வளவுதான். ஆனால் அந்த நீலத்துக்குள் நடந்தே போய்விடலாம் போலிருந்தது. கூடத்தின் இரைச்சலெல்லாம் எங்கே போயிற்றோ...

"நீங்களா வரைஞ்சீங்க?"

"பகல்ல வீடுகளுக்கு அடிக்கிறேன். மிச்ச நேரத்துல இது." குரல் தணிந்தது. "இது விக்கலன்னா வரையறதையே விட்டுடுறேன்னு அக்காகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். மாமாவோட கான்ட்ராக்ட் வேலைதான் அப்புறம்."

மத்தியானம் சாப்பிடப் போனவன் திரும்பியதும் அவளிடம்தான் ஓடி வந்தான்.

"மேடம்... வித்துடுச்சு."

அவன் படத்தின் பெயர்ச்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. விற்றுப்போன படத்துக்கு அங்கே சிவப்புப் புள்ளி ஒட்டுவதுதான் வழக்கம். யாரிடமும் கேட்கக்கூட அவனுக்குப் பொறுமையில்லை. அக்காவைப் போனில் கூப்பிட்டான். படம் விற்றுவிட்டதென்று கத்திச் சொன்னான்.

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். ஒட்டிய புள்ளிக்கு வால் இருக்குமா? அது அவளுடைய சிவப்பு. முழங்கையில் ஏணி இடித்தபோது தெறித்த துளி.

வந்தவர்கள் படத்தின் முன் அப்படியே நின்றார்கள். புள்ளியைப் பார்த்தார்கள். உச்சுக்கொட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். சொல்லிடலாமா... சொன்னால் அந்தச் சிரிப்பு? கூரைமேல் மழை பிடித்துக்கொண்டது. கூடம் காலியாகும்வரை அவளுக்கு நாக்கு எழவில்லை.

"அது விக்கலங்க... என் தூரிகையிலருந்து தெறிச்சது."

அவன் நகத்தால் சுரண்டினான். துளி உதிர்ந்தது. படத்தைக் கழற்ற ஏணியை இழுத்துப் போட்டான்.

"கழட்டாதீங்க," என்று குறுக்கே நின்றாள். "மத்தியானமே தெரியும். உடனே சொல்லியிருந்தா யாராவது வாங்கியிருப்பாங்க. தப்பு என்னோடது. உங்க முகத்தைப் பாத்தேன்... பாத்துக்கிட்டே இருக்கணும்போல இருந்துச்சு. ஆனா அந்தச் சிரிப்பு ஒரு பொய்யை நம்பித்தான்னு நெனைச்சப்ப தாங்கல."

அவள் தன் படத்தைக் கைகாட்டினாள்.

"ஓவியருங்க படத்தை மாத்திக்கிறது உண்டுதானே? என்னோடத எடுத்துக்குங்க. இதை எனக்குத் தாங்க."

"பாவம் பாக்குறீங்களா?"

"பாவமா? பேராசைங்க."

அவன் அவளையே பார்த்தான். ஈரமாயிருந்த கண்ணில் எதுவோ லேசாக அசைந்தது. போனை எடுத்தான்.

"அக்கா... விக்கல. நான்தான் அவசரப்பட்டுட்டேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்லக்கா, விடமாட்டேன். குடுத்த வாக்கை மீறத்தான் போறேன். திட்டிக்கோ. ஒருத்தங்க அந்தப் படம் வேணும்னு நிக்கிறாங்க... யாரா? எனக்கே தெரியல. அவங்களையே கேளு."

போன் அவள் காதுக்கு வந்தது. நாள் முழுக்க வம்பளந்தவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா..." முன்பின் தெரியாதவர்களிடம் அந்த உறவு எப்படித்தான் வாயில் வந்ததோ. "அந்தப் படம் எனக்கு வேணும்க்கா."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வரைஞ்சவரும்."